முதல் வாரத்தில் 3 கிலோ குறைவது எப்படி? லோ கார்ப் உணவுமுறையின் மறுபக்கம்

"சோறு, இட்லி, சப்பாத்தி எல்லாவற்றையும் நிறுத்தினேன், ஒரே வாரத்தில் 3 கிலோ போய்விட்டது" என்று ஒருவராவது சொல்லாத வாட்ஸ்அப் குழு இன்று தமிழ்நாட்டில் அபூர்வம். பேலியோ, கீட்டோ, லோ கார்ப் என்று பெயர்கள் பல. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: மாவுச்சத்தைக் குறை, அந்த இடத்தைக் கொழுப்பாலும் புரதத்தாலும் நிரப்பு. இப்படிச் சாப்பிட்டு மெலிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதில் பொய் இல்லை. ஆனால் மெலிந்ததில் எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு தண்ணீர், அது எத்தனை நாள் நிற்கிறது, யாருக்கு இது ஆபத்து என்ற கேள்விகளுக்கு அந்த வாட்ஸ்அப் குழுக்களில் பதில் கிடைப்பதில்லை. அவற்றை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

எவ்வளவு குறைத்தால் ‘லோ கார்ப்’?

நாம் சாப்பிடுவதில் ஆற்றல் தரும் சத்துகள் முக்கியமாக மூன்று. மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்) ஒரு கிராமுக்கு 4 கலோரி தரும். புரதமும் 4 கலோரி. கொழுப்பு 9 கலோரி.

ஆராய்ச்சிகளில் பொதுவாகப் பின்பற்றும் பிரிவுகள் இவை:

1. மிதமான மாவுச்சத்து: மொத்தக் கலோரியில் 26 முதல் 45 சதவீதம் வரை.
2. குறை மாவுச்சத்து, அதாவது லோ கார்ப்: 26 சதவீதத்துக்குக் கீழே, அல்லது நாளுக்கு 130 கிராமுக்குக் கீழே.
3. மிகக் குறைந்த மாவுச்சத்து: நாளுக்கு 20 முதல் 50 கிராம் வரை. கீட்டோ இந்த வகை. தமிழ்நாட்டில் பேலியோ என்று பலர் கடைப்பிடிப்பதும் ஆரம்ப மாதங்களில் ஏறக்குறைய இங்கேதான் வந்து நிற்கும்.

50 கிராம் என்பது நம் தட்டில் எவ்வளவு? வீட்டில் வார்க்கும் நடுத்தர இட்லி ஒன்றில் 10 கிராமுக்குக் குறையாமல் மாவுச்சத்து இருக்கும். நான்கு இட்லி, அதற்குச் சாம்பார், கூடவே சர்க்கரை போட்ட ஒரு டம்ளர் காபி என்றால் கீட்டோவின் ஒரு நாள் அளவு காலை எட்டரை மணிக்கே தாண்டிவிடும். மதியச் சோறு, இரவுத் தோசை இரண்டும் கணக்குக்கே வரவில்லை.

மறுபக்கம் நம் வழக்கத்தையும் பார்க்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) ‘இண்டியாப்’ (INDIAB) ஆய்வின் 2025 அறிக்கைப்படி இந்தியர்கள் சராசரியாகச் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது, அதிலும் பெரும்பகுதி வெள்ளை அரிசி, அரைத்த கோதுமை, சர்க்கரை. இது அதிகம்தான், குறைக்க வேண்டியதுதான். லோ கார்ப் ஆதரவாளர்கள் சொல்வதில் இந்தப் பகுதி சரியான பகுதி. பிரச்சினை, 62-லிருந்து நேராக 10-க்குக் குதிப்பதில் இருக்கிறது.

முதல் வாரம்: தராசு காட்டுவது எதை?

சாப்பிடும் மாவுச்சத்தில் உடனே தேவைப்படாததை உடல் ‘கிளைகோஜன்’ என்ற வடிவில் சேமிக்கிறது. கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் 300 முதல் 500 கிராம் வரை இருக்கும். இந்தக் கிளைகோஜன் தனியாக இருப்பதில்லை. ஒவ்வொரு கிராமுக்கும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும்.

மாவுச்சத்தை நிறுத்தினால் சில நாட்களில் இந்தக் கையிருப்பு பெருமளவு கரைகிறது. 400 கிராம் கிளைகோஜனும் அதோடு 1,200 கிராம் தண்ணீரும் போனால் 1.6 கிலோ. அப்புறம் இன்னொன்றும் நடக்கிறது. மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் இறங்கும். இன்சுலின் இறங்கினால் சிறுநீரகம் உப்பைக் கூடுதலாக வெளியே தள்ளும், உப்போடு தண்ணீரும் போகும். முதல் வாரத்தில் அடிக்கடி சிறுநீர் கழிக்க ஓட வேண்டியிருப்பது இதனால்தான்.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். உடல் கொழுப்பு ஒரு கிலோ கரைய ஏறத்தாழ 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். ஒருவர் தினம் 500 கலோரி குறைத்துச் சாப்பிட்டால் வாரத்துக்கு 3,500 கலோரி, அதாவது அரைக் கிலோகூட இல்லாத கொழுப்பு. தராசு 3 கிலோ குறைந்ததாகக் காட்டினால் அதில் இரண்டரைக் கிலோ தண்ணீரும் கிளைகோஜனும்.

இது திரும்பி வரும் வேகமும் அதேதான். இரண்டு மாதம் கட்டுப்பாடாக இருந்தவர் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து எழுந்தால், அடுத்த இரண்டு மூன்று நாளில் ஒன்றரை, இரண்டு கிலோ ஏறியிருக்கும். காலியான கிளைகோஜன் நிரம்பியிருக்கிறது, வேறொன்றுமில்லை. ஆனால் தராசில் நிற்பவருக்கு அது தெரியாது. ‘ஒரு வேளை சோறு சாப்பிட்டதற்கே இவ்வளவு ஏறுகிறதே, என் உடம்புக்குச் சோறே ஆகாது’ என்று முடிவு கட்டுவார். இந்தத் தப்பான பாடம்தான் இந்த உணவுமுறையின் முதல் பாதகம் என்பேன். உடல் எடை எப்படி ஏறி இறங்குகிறது என்பதைப் பற்றிய புரிதலையே இது திருகிவிடுகிறது.

கொழுப்பு எரிவது வேறு, உடல் கொழுப்பு குறைவது வேறு

மாவுச்சத்து வராமல் போனால் மூளைக்கு எரிபொருள் வேண்டுமே. மூளை நாளுக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் கேட்கும். இந்தத் தட்டுப்பாட்டைச் சமாளிக்கக் கல்லீரல் கொழுப்பிலிருந்து ‘கீட்டோன்’ என்ற பொருட்களைத் தயாரிக்கிறது. மூளையும் தசையும் அவற்றைப் பயன்படுத்திக்கொள்ளும். இந்த நிலைக்குக் கீட்டோசிஸ் என்று பெயர். கீட்டோன்களில் ஒன்றான அசிட்டோன் மூச்சில் வெளியேறுவதால், கீட்டோவில் இருப்பவர்களின் வாயில் நெயில் பாலிஷ் ரிமூவர் போன்ற ஒரு வாடை வரும்.

இங்கேதான் பலரும் ஏமாறும் இடம் வருகிறது. ‘கீட்டோசிஸில் உடல் கொழுப்பை எரிக்கிறது’ என்பது உண்மை. ஆனால் எந்தக் கொழுப்பை? காலையில் 30 கிராம் வெண்ணெய் போட்ட டீ, மதியம் நெய்யில் வறுத்த பன்னீர், இரவு சிக்கன் என்று சாப்பிட்டால் எரிவது முதலில் அந்த வெண்ணெயும் நெய்யும்தான். இடுப்பில் இருப்பது கரைய வேண்டுமானால் மொத்தக் கலோரி செலவைவிடக் குறைவாக வர வேண்டும். அந்த விதிக்குக் கீட்டோ விதிவிலக்கு இல்லை.

இதை நேரடியாகச் சோதித்த ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 2015-இல் வெளியிட்டது. உடல் பருமன் உள்ள 19 பேரை ஆய்வுக் கூடத்திலேயே தங்கவைத்து, ஒரு கட்டத்தில் மாவுச்சத்திலிருந்தும் மறு கட்டத்தில் கொழுப்பிலிருந்தும் ஒரே அளவு கலோரியைக் குறைத்தார்கள். மாவுச்சத்தைக் குறைத்தபோது இன்சுலின் இறங்கியது, கொழுப்பு எரிவதும் கூடியது. ஆனால் உடலிலிருந்து நிகரமாகப் போன கொழுப்பு நாளுக்குச் சுமார் 53 கிராம். சாப்பாட்டில் கொழுப்பைக் குறைத்தபோது 89 கிராம். ஆறு நாள் ஆய்வு இது, இதை வைத்துக் ‘கொழுப்பைக் குறைப்பதே சிறந்தது’ என்று சொல்ல முடியாது. ஆனால் ‘இன்சுலின் இறங்கினால் போதும், கலோரி பார்க்க வேண்டாம்’ என்ற வாதம் இதில் அடிபடுகிறது.

அப்படியென்றால் லோ கார்ப்பில் பலர் ஏன் மெலிகிறார்கள்? காரணம் எளிது. புரதம் அதிகமானால் பசி தாங்கும். அதோடு பிஸ்கட், மிக்சர், முறுக்கு, ஜூஸ், பரோட்டா, இனிப்பு எல்லாம் ஒரே வெட்டில் போய்விடுகின்றன. மாலை நான்கு மணி டீயோடு இரண்டு வடை, ஒரு பாக்கெட் பிஸ்கட் என்று இருந்தவர் அதை மட்டும் நிறுத்தினாலே மெலிவார். பலர் விஷயத்தில் பாராட்டுச் சேர வேண்டியது அந்த வடையை விட்டதற்குத்தான்.

ஓராண்டு கழித்து என்ன ஆகிறது?

எந்த உணவுமுறையும் மூன்று மாதத்தில் நன்றாகத்தான் தெரியும். அதனால் நீண்ட காலப் பரிசோதனைகளைப் பார்க்க வேண்டும்.

1. 2003-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த அமெரிக்க ஆய்வில், லோ கார்ப் குழு ஆறு மாதத்தில் தெளிவாக முந்தியிருந்தது. ஓராண்டு முடிவில் இரு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

2. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழு 609 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2018-இல் வந்தது. ஓராண்டில் லோ கார்ப் குழு சராசரியாக 6.0 கிலோ குறைந்தது, குறை கொழுப்புக் குழு 5.3 கிலோ. புள்ளியியல்படி இது வித்தியாசமே அல்ல. ஆளாளுக்கு மரபணு, இன்சுலின் சுரப்பு பார்த்து உணவுமுறை தேர்ந்தெடுத்தால் பலன் கூடுமா என்றும் பார்த்தார்கள். கூடவில்லை. இன்னொரு விஷயம், இரண்டு குழுவிலும் சிலர் 20 கிலோவுக்கு மேல் குறைந்தார்கள், சிலருக்கு எடை ஏறியது. சமூக ஊடகத்தில் நாம் பார்ப்பது முதல் வகை ஆட்களின் புகைப்படங்களை மட்டுமே.

3. இப்படிப்பட்ட 61 பரிசோதனைகளை, கிட்டத்தட்ட 7,000 பேரின் தகவலை, ஒன்றாக வைத்துப் பார்த்தது, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2022 திறனாய்வு. லோ கார்ப்புக்கும் சமச்சீர் உணவுக்கும் உள்ள வித்தியாசம் சராசரியாக ஒரு கிலோ, ஓராண்டு இரண்டாண்டுக்குப் பிறகும் அதே ஒரு கிலோதான்.

ஒரு கிலோவுக்காக இட்லி முதல் மாம்பழம் வரை எல்லாவற்றையும் துறப்பதா என்று கேட்டால், துறக்க முடிகிறவர் துறக்கட்டும். ஆனால் ‘இதுதான் ஒரே வழி’ என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை.

சர்க்கரை நோயாளிகள் விஷயம் கொஞ்சம் வேறு. அவர்களுக்கு லோ கார்ப் ஆரம்பத்தில் உண்மையிலேயே கைகொடுக்கிறது. 23 பரிசோதனைகளைத் தொகுத்து 2021-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வில், ஆறு மாதத்தில் சர்க்கரை இயல்பு அளவுக்கு வந்தவர்கள் லோ கார்ப் குழுவில் அதிகம். ஆனால் ஓராண்டை நெருங்கும்போது அந்த நன்மையும் மங்கியது. முக்கியக் காரணம், மக்கள் விட்டுவிடுகிறார்கள்.

உடலில் வரும் தொல்லைகள்

எல்லாருக்கும் எல்லாமும் வருவதில்லை. சில லேசானவை, சில பரிசோதனை செய்தால்தான் தெரியும்.

1. முதல் இரண்டு வாரத் தலைவலி, சோர்வு, தசைப்பிடிப்பு. இதற்குக் ‘கீட்டோ ஃப்ளூ’ என்று செல்லப்பெயர். காய்ச்சலோ கிருமியோ இல்லை. மேலே சொன்ன உப்பும் தண்ணீரும் போவதுதான் பெரும்பாலும் காரணம்.

2. மலச்சிக்கல். 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு நார்ச்சத்து 30 கிராம் வேண்டும் என்பது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. தானியம், பருப்பு, சுண்டல், பழம் நான்கையும் நீக்கிவிட்டு முட்டையும் கோழியும் சாப்பிட்டால் அதில் நார்ச்சத்து பூஜ்யம். காய்கறி எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதுதான் மிச்சம். 100 கிராம் காலிஃபிளவரில் 2 கிராம்தான் இருக்கிறது. பெருங்குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்கள் நார்ச்சத்தைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற அமிலத்தைத் தருகின்றன, அதுவே குடல் சுவர்ச் செல்களின் முக்கிய உணவு. மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைத்தவர்களிடம் இந்தப் பியூட்டிரேட் அளவு சரிவதும் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது.

3. கெட்ட கொலஸ்ட்ரால். லோ கார்ப்பில் டிரைகிளிசரைடு (ரத்தத்தில் இருக்கும் ஒரு வகைக் கொழுப்பு) இறங்கும், நல்ல கொலஸ்ட்ரால் ஓரளவு ஏறும். இரண்டும் நல்லதே. ஆனால் சிலருக்கு எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரால் தடாலென்று ஏறுகிறது. ஒல்லியாகவும் சுறுசுறுப்பாகவும் இருப்பவர்கள்கூட இதிலிருந்து தப்புவதில்லை. நிறைவுற்ற கொழுப்பு மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 1,500 கலோரி சாப்பிடுபவருக்கு அது 17 கிராம் அளவு. ஒரு மேசைக்கரண்டி நெய்யிலேயே 8, 9 கிராம் இருக்கிறது, தேங்காய் எண்ணெயில் இன்னும் அதிகம். ‘கொலஸ்ட்ரால் ஏறினால் பயப்பட வேண்டாம், அது ஆபத்தில்லாத பெரிய துகள்’ என்று குழுக்களில் ஆறுதல் சொல்வதை நம்பி மருத்துவரிடம் போகாமல் இருப்பது விவேகமில்லை. தெற்காசியர்களுக்கு மாரடைப்பு மற்றவர்களைவிட இளம் வயதிலேயே வருகிறது என்பது தெரிந்த விஷயம்.

4. யூரிக் அமிலமும் சிறுநீரகக் கல்லும். கீட்டோன்கள் யூரிக் அமிலம் வெளியேறுவதற்குப் போட்டியாக நிற்கும். கவுட் என்ற யூரிக் அமில மூட்டுவலி உள்ளவருக்கு முதல் வாரங்களிலேயே கால் பெருவிரல் வீங்கித் துடிக்கலாம். வலிப்பு நோய்க்காகக் கீட்டோ உணவில் இருக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்குச் சிறுநீரகக் கல் வருவது தெரிந்து, அதைத் தடுக்கப் பொட்டாசியம் சிட்ரேட் சேர்த்தே கொடுக்கும் மருத்துவமனைகள் உண்டு. இங்கே நாம் சித்திரை வெயிலில் வியர்த்துக்கொண்டு, போதிய தண்ணீரும் குடிக்காமல் அதையே செய்கிறோம்.

5. முடி கொட்டுதல். எடை வேகமாக இறங்கினால் இரண்டு, மூன்று மாதம் கழித்து முடி கொத்துக்கொத்தாக உதிரும். பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். சீப்பில் வருவதைப் பார்த்து பயோட்டின் மாத்திரைக்குச் செலவழிப்பவர்கள்தான் பாவம்.

6. உடற்பயிற்சியில் வேகம். ஆஸ்திரேலிய விளையாட்டு நிறுவனத்தில் லூயிஸ் பர்க் குழு உலகத்தர வேக நடை வீரர்களைச் சோதித்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், கீட்டோ குழு கொழுப்பை எரிக்கும் திறனைப் பெருமளவு கூட்டிக்கொண்டது. ஆனால் அதே வேகத்தில் நடக்கக் கூடுதல் ஆக்சிஜன் தேவைப்பட்டது. பயிற்சிக்குப் பிறகு மற்றக் குழுக்களின் பந்தய நேரம் மேம்பட்டது, இவர்களுடையது மேம்படவில்லை. காலையில் பூங்காவில் நடப்பவருக்கு இது பொருட்டில்லை, ஓடுபவருக்கும் கபடி ஆடுபவருக்கும் பொருட்டு.

7. சர்க்கரைப் பரிசோதனையில் தப்பான முடிவு. பல வாரம் மாவுச்சத்து இல்லாமல் இருந்துவிட்டு ஒரு நாள் திடீரென்று 75 கிராம் குளுக்கோஸ் குடித்தால் உடல் திணறும், சர்க்கரை நோய் இல்லாதவருக்கும் அளவு ஏறிக் காட்டலாம். அதனால்தான் இந்தப் பரிசோதனைக்கு முன் மூன்று நாளாவது தினம் 150 கிராம் மாவுச்சத்து சாப்பிட்டிருக்க வேண்டும் என்பது விதி. ஆய்வகங்களில் இதை யாரும் கேட்பதில்லை, நாமாகத்தான் சொல்ல வேண்டும்.

ஆயுளைப் பற்றியும் ஒரு ஆய்வு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. 15,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களைப் பல ஆண்டுகள் கவனித்து 2018-இல் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில் வந்தது. மாவுச்சத்து 50 முதல் 55 சதவீதம் சாப்பிட்டவர்களிடம் இறப்பு விகிதம் மிகக் குறைவு. 40-க்குக் கீழே போனவர்களிடமும் அதிகம், 70-ஐத் தாண்டியவர்களிடமும் அதிகம். மாவுச்சத்துக்குப் பதில் இறைச்சி சாப்பிட்டவர்களுக்கு மோசம், பருப்பு, கொட்டை வகைகள் சாப்பிட்டவர்களுக்கு நல்லது. இது கவனிப்பு ஆய்வு, காரணத்தை நிரூபிக்காது. இதைக் காட்டிப் பயமுறுத்துவதும் தப்பு, ஒதுக்கித் தள்ளுவதும் தப்பு.

மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு உண்மையான ஆபத்து

மேலே சொன்ன தொல்லைகளில் பெரும்பாலானவை நிறுத்தினால் சரியாகும். இது அப்படியல்ல, உயிர் போகும் விஷயம்.

முதலில் இன்சுலின் ஊசியும் கிளிமிபிரைடு வகை மாத்திரையும். இவை சாப்பிடும் மாவுச்சத்துக்கு ஏற்ப அளவு குறித்துக் கொடுக்கப்பட்டவை. சாப்பாட்டில் மாவுச்சத்து பாதிக்கு மேல் குறைந்து மருந்து அதே அளவில் தொடர்ந்தால் சர்க்கரை மயக்கம் போடும் அளவுக்கு இறங்கும். இரவுத் தூக்கத்தில் இது நடந்தால் பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது.

இரண்டாவது, டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைகள். சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் வகை இவை, நல்ல மருந்துகள். டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2020-இலும் எம்பாகிளிஃப்ளோசினுடையது 2025-இலும் இந்தியாவில் முடிந்ததால் விலை இறங்கி, இன்று நிறையப் பேர் சாப்பிடுகிறார்கள். இந்த மாத்திரைக்கே கீட்டோனைக் கூட்டும் இயல்பு உண்டு. அதோடு மாவுச்சத்தையும் அடியோடு நிறுத்தினால் கீட்டோன் கட்டுமீறி ரத்தம் அமிலமாகும். ‘கீட்டோஅசிடோசிஸ்’ என்பது அது. வழக்கமாக இந்த நிலையில் சர்க்கரை 300, 400 என்று காட்டி எச்சரிக்கும். இந்த மாத்திரையில் இருப்பவருக்கோ 180 என்று அமைதியாகக் காட்டும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சுவாங்கல் வந்தாலும் ‘சுகர் நார்மல்தானே, வாயுவாக இருக்கும்’ என்று வீட்டில் சோடா வாங்கிக் கொடுப்பார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-இலேயே இது பற்றி எச்சரித்தது. இந்த மாத்திரை சாப்பிடுபவர் மருத்துவரிடம் சொல்லாமல் கீட்டோ தொடங்கவே கூடாது. தொடங்கி வாந்தி வந்தால், மருத்துவமனையில் மாத்திரைப் பெயரைச் சொல்லி ரத்தத்தில் கீட்டோன் பார்க்கச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, ரத்த அழுத்த மாத்திரை. உப்பும் தண்ணீரும் வேகமாக வெளியேறும் நாட்களில் பழைய அளவு மாத்திரை அதிகமாகிவிடும். படுக்கையிலிருந்து எழும்போது கண் இருட்டினால் அதுவே அறிகுறி.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், முதல் வகைச் சர்க்கரை நோயாளிகள், சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்கள் இதில் இறங்கவே வேண்டாம். பத்து வருடமாகச் சர்க்கரை இருப்பவர் தன் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று ஊகத்தில் சொல்லக் கூடாது. கிரியாட்டினினும் சிறுநீரில் அல்புமினும் பார்த்துவிட்டுப் பேச வேண்டும்.

வலிப்புக் குழந்தைகளுக்குக் கீட்டோ கொடுக்கிறார்களே என்று கேட்பார்கள். உண்மைதான், 1921-இல் மேயோ கிளினிக்கின் ரஸ்ஸல் வைல்டர் இதை முன்வைத்ததே வலிப்பு நோய்க்காகத்தான். ஆனால் அங்கே ஒவ்வொரு வேளைச் சாப்பாடும் கிராம் கணக்கில் அளக்கப்படுகிறது, ரத்தப் பரிசோதனைகள் தவறாமல் நடக்கின்றன, உணவியல் நிபுணர் கூடவே இருக்கிறார். அது ஒரு சிகிச்சை.

நம் சமையலறையில் இது எப்படி நடக்கிறது?

தமிழ்நாட்டுப் பேலியோவின் அடையாளமாகிவிட்ட 100 பாதாமை எடுத்துக்கொள்வோம். ஒரு பாதாம் ஏறக்குறைய 1.2 கிராம். நூறு என்றால் 120 கிராம், கிட்டத்தட்ட 700 கலோரி, 25 கிராம் புரதம், 15 கிராம் நார்ச்சத்து. சத்தில் குறைசொல்ல எதுவுமில்லை, மேலே சொன்ன நார்ச்சத்துப் பற்றாக்குறையைக்கூட இது பாதி ஈடுகட்டும். விலையைப் பாருங்கள். பாதாம் கிலோ 800, 1,000 ரூபாய் விற்கும்போது ஒருவரின் காலைச் சாப்பாட்டுக்கு மட்டும் 100 ரூபாய். 2011 முதல் ரேஷனில் அரிசி இலவசமாகக் கிடைக்கும் மாநிலத்தில், நான்கு பேர் வீட்டில் ஒருவருக்கு மட்டும் இது முடியும். அதனால்தான் இந்த உணவுமுறை பெரும்பாலும் வீட்டில் சம்பாதிப்பவரோடு நின்றுவிடுகிறது. அவருக்குத் தனிச் சமையல், மற்றவர்களுக்குப் பொதுச் சமையல், இரண்டையும் செய்பவர் வேறொருவர்.

அதைவிடப் பெரிய தப்பாக எனக்குப் படுவது பருப்பை நீக்குவது. பேலியோவில் துவரை, பாசிப்பருப்பு, கொண்டைக்கடலை எல்லாமே தடை. சைவம் சாப்பிடும் தமிழ்க் குடும்பத்துக்குப் புரதம் வரும் பிரதான வழியே அதுதான். அதை எடுத்துவிட்டால் பன்னீர், தயிர், கொட்டைகள் மட்டுமே மிஞ்சும். புரதம் போதாமல், எடைத் தூக்கும் பயிற்சியும் இல்லாமல் வேகமாக மெலிபவர் கொழுப்போடு தசையையும் இழக்கிறார். ஐம்பது வயதுக்கு மேல் இழந்த தசையைத் திரும்பக் கட்டுவது லேசான வேலை இல்லை. பிறகு உணவுமுறையை விட்டுவிட்டு எடை ஏறும்போது ஏறுவது பெரும்பாலும் கொழுப்பு. தராசு பழைய எண்ணையே காட்டும், உடல் பழைய உடல் இல்லை.

விட்டுவிடுவதும் சாதாரணமாக நடப்பதுதான். பொங்கல், ஆடிக்கூழ், கோயில் பிரசாதம், வளைகாப்பு, அலுவலகத்தில் பிறந்தநாள் கேக் என்று வருடம் முழுக்க நம் உறவுகள் மாவுச்சத்தின் மேல்தான் கட்டப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு இடத்திலும் மறுக்கத் தனி மன உறுதி வேண்டும், அது எல்லாரிடமும் இருக்காது. இல்லாததற்கு யாரும் வெட்கப்படவும் வேண்டாம்.

சரி, அரிசியை எவ்வளவு குறைப்பது?

சென்னையில் சர்க்கரை நோய் நிபுணர்கள் டாக்டர் வி. மோகன், டாக்டர் ஆர்.எம். அஞ்சனா குழுவினர் ஐ.சி.எம்.ஆருடன் சேர்ந்து 18,000 இந்தியர்களின் தகவலை வைத்து 2022-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். சர்க்கரை நோய் புதிதாக வந்தவர்கள் அதிலிருந்து மீளக்கூட மாவுச்சத்தை 49 முதல் 54 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, புரதத்தை 20 சதவீதம் அளவுக்கு ஏற்றினால் போதும் என்பது அதன் சாரம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதலும் தானியங்களிலிருந்து வரும் கலோரி 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது.

2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு இதை வைத்துக் கணக்குப் போட்டால்:

1. இப்போதைய சராசரியான 62 சதவீதம் என்பது 310 கிராம் மாவுச்சத்து.
2. அதை 50 சதவீதமாக்கினால் 250 கிராம். குறைக்க வேண்டியது 60 கிராம்.
3. வெந்த சோறு 100 கிராமில் மாவுச்சத்து சுமார் 28 கிராம். ஆக நாளொன்றுக்குக் குறைய வேண்டியது 215 கிராம் சோறு. மதியம் ஒரு கரண்டி, இரவு ஒரு கரண்டி என்று எடுத்தாலே இந்த அளவை நெருங்கிவிடும். காபி, டீயில் சர்க்கரையை நிறுத்துபவருக்கு இன்னும் குறைவு.
4. கீட்டோவுக்கோ 260 கிராமைக் குறைக்க வேண்டும்.

எடுத்த இடத்தில் என்ன வைப்பது என்பது அடுத்த கேள்வி. அரிசிக்குப் பதில் சப்பாத்தி, ராகிக் களி என்று மாற்றினால் நல்லது என்று நினைப்போம். 2025-இல் வந்த அந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வில் அப்படித் தானியத்துக்குத் தானியம் மாற்றியதால் சர்க்கரை நோய் ஆபத்து குறைந்ததாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கை, 5 சதவீதக் கலோரி அளவை, பருப்பு, பால், முட்டை, மீன் புரதத்துக்கு மாற்றும் கணக்கில்தான் குறைந்தது. ஒரு கரண்டி சோற்றின் இடத்தில் ஒரு கரண்டி கெட்டிப் பருப்போ ஒரு கிண்ணம் சுண்டலோ ஒரு முட்டையோ வைப்பது அந்த மாற்றத்தின் தொடக்கம்.